ரமணி வாடகைக்கு விட்ட வீடு

ரமணிக்கு ஐம்பத்தொரு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, முதல் மாடியில், வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் சின்ன ஆபீஸில் பதினாறு வருஷமாகப் போன் எடுக்கிறாள். குடியிருப்பது கிள்ளானில். காலையில் கொமுட்டர் ரயிலில் வருவாள், சாயங்காலம் அதே ரயிலில் திரும்புவாள்.

அந்த ஆபீஸில் அவள் அதிகமாகச் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு. "சாரிங்க, அந்த வீடு நேத்துதான் போயிருச்சு. வேற வந்தா கூப்பிடுறேன்." வீடு எங்கேயும் போயிருக்காது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். சீன வீட்டுக்காரர்களில் சிலர் இந்தியர் வேண்டாம் என்று சொல்லிவைத்திருப்பார்கள். தமிழ் வீட்டுக்காரர்களில் சிலர் பங்களாதேஷ் ஆள் வேண்டாம், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஊர்க்காரன் வேண்டாம், சிலோன் அகதி வேண்டவே வேண்டாம் என்பார்கள். போனில் குரல் கேட்டு, இரண்டு வார்த்தை பேசியதுமே ஆள் யாரென்று ரமணிக்குத் தெரிந்துவிடும். உடனே அந்த வாக்கியம் தானாக வாயில் வந்துவிடும்.

புருஷன் சுகுமாறன் இறந்த செய்தி வந்த நேரத்திலும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வயர்மேன். வேலைக்குப் போய் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நாலு அடி நடந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆபீஸ் லைனில் யாரோ பேசிக்கொண்டிருக்க, அவளுடைய கைப்பேசி மேசையில் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். தொழிற்சாலையிலிருந்து ஒருவர் விஷயத்தைச் சொன்னார். "சரி" என்றாள். பிறகு மற்ற போனை எடுத்து, "வேற வந்தா கூப்பிடுறேன்" என்று விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அது நடந்து பதினாலு மாதம். அவள் அழவில்லை. சாவு வீட்டில் பார்த்தவர்கள் அதிர்ச்சி என்றார்கள். பதினாறாம் நாள் கழிந்ததும் நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். அவளுக்கே காரணம் தெரியவில்லை. பல் பிடுங்கப் போடுகிற ஊசி கன்னத்தை மரத்துப்போகச் செய்கிற மாதிரி, உடம்பு முழுவதும் எங்கோ தள்ளி இருந்தது. சமைத்தாள், துணி துவைத்தாள், ரயில் பிடித்தாள். பிள்ளைகள் இல்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பெரிய துணிப்பை. அதிலிருந்து ரவிக்கைத் துணி எட்டிப்பார்த்தது. பக்கத்துத் தெருப் புடவைக் கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் என்று பிறகு தெரிந்தது. கூடவே பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு பத்து வயதுப் பெண் பிள்ளை.

"கிள்ளான்ல அந்த ரெண்டு அறை பிளாட் இன்னும் இருக்குதோ?" என்று கேட்டாள்.

ரமணி நிமிராமலே சொன்னாள். "சாரிங்க, அந்த வீடு நேத்துதான் போயிருச்சு. வேற வந்தா கூப்பிடுறேன்."

அந்தப் பெண் நகரவில்லை. "நேற்று நான் போன் எடுத்தனான். அப்பவும் இதே குரல்தான், வீடு முதல்நாள் போயிட்டுது எண்டு சொன்னது. முந்தாநாள்தான் போனதெண்டால், இண்டைக்கும் ஏன் அந்தக் கண்ணாடியில ஒட்டியிருக்கு?"

ரமணி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக் கதவில் விளம்பரத் தாள் ஒட்டியபடியேதான் இருந்தது.

"எந்த வீட்டுக்காரர் எண்டு சொல்லுங்கோ. நானே அவரோட கதைக்கிறன். இதோட ஏழாவது வீடு. வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லட்டும். அதுக்கு ஏன் பொய்?"

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் மீதிச் சில்லறை குறைவதைக் கேட்கிற மாதிரி கேட்டாள். பெயர் ஜெயந்தினி. முல்லைத்தீவுப் பக்கம். மலேசியாவுக்கு வந்து பதினொரு வருஷம். ஐ.நா. அகதி அட்டை இருக்கிறது. செந்தூலில் இருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். புருஷன், இரண்டு பிள்ளைகள், அவள். பெரியவள்தான் கூட நிற்பது.

"உன் பேரு என்னம்மா?" என்று ரமணி அந்தப் பிள்ளையைக் கேட்டாள். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"துஷாந்தி, ஆன்டி. எங்கம்மா இப்படித்தான் லா, எல்லார்கிட்டயும் சண்டை போடுவாங்க."

பேச்சு அப்படியே கிள்ளான் பிள்ளைகளின் பேச்சு. இங்கேயே பிறந்தவள்.

உள்ளறையிலிருந்து முதலாளி திருச்செல்வம் எட்டிப்பார்த்தார். அவர்கள் போன பிறகு வெளியே வந்தார். "ரமணி, இவங்களோட எல்லாம் ரொம்பப் பேசிக்கிட்டு இருக்காத. ஓனர் பழனியப்பன் அங்கிள் தெளிவா சொல்லிட்டாரு. நாலு பேருன்னு சொல்லி வருவாங்க, பத்துப் பேர் படுப்பாங்க. போலீஸ் வந்து நிக்கும்."

"பாஸ், உங்க சம்சாரமும் சிலோன்காரங்கதானே?"

"அது வேற லா! அவங்க தாத்தா ரயில்வேல கிராணி, கிளார்க் வேலைக்கு வந்தவரு. இவங்க வேற."

ரமணி பழனியப்பனுக்குப் போன் போட்டாள். நாலு பேர்தான் அங்கிள், நானே பார்த்தேன் என்றாள். அவர் மரியாதையாகவே பேசினார். "நீ நல்ல பொண்ணும்மா, உனக்கு இவங்களைப் பத்தித் தெரியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு ஒரு அகதியையும் நேரில் தெரியாது என்று ரமணிக்குத் தெரியும்.

அன்று ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி, கல்யாணமான புதிதில் தானும் சுகுமாறனும் பெட்டாலிங் ஜெயாவில் அறை தேடிய நாட்களை நினைத்துக்கொண்டாள். பொதுத் தொலைபேசியில் ஒரு அம்மாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று "யூ இண்டியன் ஆ?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அறைக்கு ஆள் வந்துவிட்டதாம். சுகுமாறன் ரிசீவரை மாட்டிவிட்டுச் சிரித்தார். "நம்ம குரல்லயே கறி வாசம் வருது போல." அப்புறம்தான் கிள்ளானுக்குப் போய், கடன் வாங்கி, மலிவு விலை பிளாட் ஒன்றை வாங்கினார்கள். பின்னால் தரைவீட்டுக்கு மாறிய பிறகு அந்த பிளாட்டை வாடகைக்கு விட்டார்கள். கடைசியாக இருந்தவர்கள் காலி செய்து இரண்டு மாதத்தில் சுகுமாறன் போய்விட்டார். அன்றிலிருந்து அது பூட்டியே கிடக்கிறது. வீடு தேடி வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற ரமணிக்கு, தன் வீடு ஒன்று காலியாகக் கிடப்பது பதினாலு மாதமாகத் தோன்றவே இல்லை.

இரக்கத்தால்தான் கொடுத்தாள் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அவளைக் கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்பாள். ஒரு பக்கம் சாவி இருந்தது, ஒரு பக்கம் ஆள் இருந்தார்கள். மறுநாள் ஜெயந்தினியின் நம்பருக்குத் தானே கூப்பிட்டாள். வீடு வந்தால் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருத்தரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஜெயந்தினி நன்றி சொல்வாள் என்று ரமணி நினைத்திருந்தால் ஏமாந்திருப்பாள். அவள் பிளாட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "குளிக்கிற அறைக் கதவு மூடுதில்லை, சரிபண்ணித் தருவீங்களோ?" என்றாள். பிறகு, "வாய்ப்பேச்சு வேண்டாம் அக்கா, எழுத்தில வேணும். என்ர பேரில" என்றாள். ஆபீஸுக்கு வழக்கமாக ஒப்பந்தம் எழுதித் தரும் வக்கீலிடம் போனார்கள். அகதி அட்டையின் நகலை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெயந்தினி எல்லாப் பக்கத்தையும் உட்கார்ந்து படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். வக்கீல் முகம் சுளித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தார்.

அதன் பிறகு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மின்சாரம் ரமணி பெயரில் இருந்ததால் அது பிரச்சினை இல்லை. பிள்ளைகளுக்குத்தான் அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. அகதிப் பிள்ளைகளுக்காக ஒரு சர்ச்சின் பின்கட்டில் வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரமணி ஒரு சனிக்கிழமை துஷாந்தியையும் தம்பியையும் கூட்டிப்போய்ச் சேர்த்தாள். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம், "அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டது. தன் நம்பரை எழுதினாள்.

அந்த பிளாட் கட்டடத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் ராஜன், சுகுமாறனின் தம்பி. அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறார். விஷயம் தெரிந்த அன்றே ரமணி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னா அண்ணி இது? அண்ணன் இருந்திருந்தா இப்படி நடக்குமா?"

"தெரியல தம்பி. கேக்க முடியாதே."

ராஜன் திரும்பிப் போய்விட்டார். ஆனால் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நிற்கவில்லை. குப்பைத் தொட்டி நிரம்பினால் ஜெயந்தினி குடியிருக்கும் நாலாம் மாடிதான் காரணம். லிஃப்ட் நின்றால் நாலாம் மாடிதான். அந்த லிஃப்ட் மூன்று வருஷமாக நின்று நின்றுதான் ஓடுகிறது என்பது எல்லாருக்கும் மறந்துபோயிற்று. பதினொரு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று யாரோ எழுதினார்கள். அடுத்த வாரம் அது பதிமூன்று ஆனது.

குழுக் கூட்டத்தில் ராஜன் இதை எடுத்தார். ரமணியும் போயிருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தாள். "நாலு பேரு. நம்பலைன்னா போய்ப் பாருங்க. நான் கதவைத் தட்டித் திறக்கச் சொல்றேன்."

அப்போதே ஐந்தாறு பேர் நாலாம் மாடிக்கு ஏறினார்கள். ஜெயந்தினி தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். புருஷன் தவராசா பனியனோடு நின்றார். அதிர்ந்து பேசாத மனுஷர். ஊரில் நில அளவைத் துறையில் இருந்தவர், இங்கே தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் லோரியில் சாமான் ஏற்றுகிறார். அவர் சட்டையை எடுக்கப் போனார்.

"என்ன விசயம்?" என்றாள் ஜெயந்தினி.

"ஒண்ணும் இல்ல, இங்க எத்தன பேர்னு பாக்கணும்" என்றார் ராஜன்.

அவள் ரமணியைப் பார்த்தாள். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டாள். "வாங்கோ. செருப்பைக் கழட்டிப் போட்டு வாங்கோ. எண்ணுங்கோ."

உள்ளே போனார்கள். இரண்டு அறை. ஒன்றில் மெஷினும் துணி மூட்டையும். இன்னொன்றில் சுருட்டி வைத்த மெத்தைகள். மேசையில் துஷாந்தி மலாய்ப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தம்பி தரையில் படுத்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். அலமாரியைத் திறக்கலாமா என்று ஒருவர் கேட்டார். "திறவுங்கோ, அதுக்குள்ள நிண்டாலும் நிப்பினம்" என்றாள் ஜெயந்தினி.

நாலு பேர்தான். ராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே வந்தார்.

"சரி, இப்ப உங்கட வீட்டுக்கு நான் வாறன்" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"எண்ணுறதுக்கு."

யாரோ சிரித்துவிட்டார்கள். ராஜன் வீட்டில் அவரும் மனைவியும், கல்யாணமான இரண்டு மகன்கள், மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள். ஒன்பது பேர். எல்லாருக்கும் தெரியும்.  ராஜன் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

ரமணிக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் அடுத்த நாள் ஆபீஸில் போன் வந்தபோது, மறுமுனையில் ஊர்க்காரர் ஒருவர் வீடு கேட்டபோது, வழக்கமான வாக்கியம் வாயில் வரவில்லை. "வீடு இருக்குங்க. ஓனர் வெளிநாட்டு ஆளுங்களுக்குக் கொடுக்கமாட்டேங்கிறாரு. அவரு நம்பர் தரேன், நீங்களே பேசிப் பாருங்க" என்றாள். திருச்செல்வம் உள்ளறையிலிருந்து ஓடி வந்தார். "என்ன ரமணி, பிசினஸை மூடப் பாக்குறியா?"

"நான் இனிமே அதைச் சொல்லமாட்டேன் பாஸ். வேணாம்கிறவங்களே வேணாம்னு சொல்லட்டும்."

அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு ஆபீஸுக்குப் போனார்கள். ஒருவர் மட்டும், நேரில் கேட்ட குடும்பத்தின் முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல முடியாமல் வீட்டைக் கொடுத்துவிட்டார். மொத்தத்தில் நடந்தது அவ்வளவுதான். பழனியப்பன் வீட்டில் இப்போது ஒரு வங்கி ஊழியர் இருக்கிறார்.

ஆறாம் மாதம், ஒரு காலைநேரம், தவராசா வேலை செய்த தொழிற்சாலைக்குப் போலீஸார் சோதனைக்கு வந்தார்கள். அவர் அன்று அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார், பழைய சட்டைப்பையில். மற்றவர்களோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜெயந்தினி ரமணிக்குப் போன் செய்தாள். அப்போதும் அவள் குரல் உயரவில்லை. ஆனால் வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. "அக்கா. இவரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம்."

ரமணி யோசிக்காமல் ராஜனைக் கூப்பிட்டாள். "தம்பி, கார் வேணும்."

"எதுக்கு அண்ணி?"

சொன்னாள்.  "எனக்குத் தெரியும் அண்ணி, ஒருநாள் போலீஸ் வரும்னு" என்றார். அரை மணி நேரத்தில் காரோடு வந்து நின்றார். வழி முழுவதும் முணுமுணுத்தார். "அண்ணிக்காகத்தான் வரேன், வேற ஒண்ணுக்கும் இல்ல" என்று மூன்று முறை சொன்னார். ஜெயந்தினி பின்சீட்டில் அட்டையைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போலீஸ் நிலையத்தில் நாலு மணி நேரம் காத்திருந்தார்கள். ரமணிதான் மலாயில் பேசினாள். அட்டை, அதன் நகல், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் மேசையில் வைத்தாள். அங்கிருந்த அதிகாரி இளைஞர். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்கு நீங்கள் என்ன உறவு?" என்று கேட்டார்.

"துவான் ரூமா" என்றாள் ரமணி. வீட்டுச் சொந்தக்காரி.

"வீட்டுச் சொந்தக்காரியா இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்?"

அவள் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஐ.நா. அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும், சில நாள் ஆகும் என்றார். வெளியே வந்தபோது ராஜன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூன்று தண்ணீர் பாட்டில் வாங்கி வைத்திருந்தார். ஒன்றை ஜெயந்தினியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். 

ஐந்தாம் நாள் தவராசாவை விட்டார்கள். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. தொழிற்சாலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் சும்மா இருந்தார். பிறகு பாசார் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கப் போனார். வாட்ஸ்அப் குழுவில் அந்த ஐந்து நாளும் பேச்சு ஓடியது. ஆறாம் நாள் ராஜன், "போதும், லிஃப்ட் விஷயத்தைப் பேசுவோம்" என்று எழுதினார்.

ஒப்பந்தத்தை இப்போது இரண்டாம் வருஷத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். வேறொரு நாட்டில் குடியேற்றக் கேட்டு ஜெயந்தினி போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும் என்றும் சொல்வதற்கில்லை. துஷாந்தி சர்ச் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வருகிறாள், சண்டை போடுவதில் அம்மாவை மிஞ்சிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரமணி அங்கே போயிருந்தாள். குளியலறைக் கூரையில் மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகுகிறது, பைப்காரன் வருவதாகச் சொல்லியிருந்தான். காத்திருக்கும் நேரத்தில் ஜெயந்தினி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். சின்னவன் எங்கோ விளையாடப் போயிருந்தான்.

"உங்கட அவர் எப்பிடிப்பட்ட ஆள் அக்கா?" என்று திடீரென்று கேட்டாள்.

இத்தனை நாளில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எப்படி இறந்தார் என்றுதான் கேட்டார்கள். ரமணி யோசித்தாள். "குறட்டை விடுவாரு. எல்லாத்துக்கும் சிரிப்பாரு. கோவிச்சுக்கவே தெரியாது." அதற்கு மேல் வரவில்லை. "எனக்கு இன்னும் அழுகை வரல, ஜெயந்தினி. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. ஒண்ணுமே வரல."

ஜெயந்தினி ஆறுதல் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. அம்மாவும் தம்பியும் போனாப்பிறகு. இஞ்ச வந்தும் அப்பிடியே. ஒருநாள் பஸ்ஸுக்குள்ள ஒருத்தன் என்ர காலை மிதிச்சுப் போட்டான். எனக்கு வந்த கோவம், அப்பா! அவனை இறங்கவே விடேல்லை. வீட்ட வந்தும் அடங்கேல்லை. அண்டைக்குத்தான் விளங்கிச்சுது, நான் இன்னும் இருக்கிறன் எண்டு."

"அதுக்கப்புறம் அழுதீங்களா?"

"இல்லை. அதுக்கப்புறம் சண்டைதான்."

ரமணி தேத்தண்ணியைக் குடித்தாள். சூடாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

பைப்காரன் வந்தான். ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்த்தான். மேல்வீட்டுத் தரையை உடைத்தால்தான் குழாயை மாற்ற முடியும், அவர்கள் சம்மதிக்கவேண்டுமே என்றான். மேலே போய்க் கேட்டுவிட்டு, உடைக்க விடமாட்டார்களாம் என்று திரும்பி வந்தான்.

ஜெயந்தினி துணியை மெஷின்மேல் போட்டாள். "விடமாட்டினமோ? ஏனாம்?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்குப் போனாள். படியில் அவள் காலடிச் சத்தம் மேலே ஏறியது.

ரமணி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே படியேறினாள்.